ஒரு சுரக்கூட்டைத் தேடி பஸ் ஏறிய சிறுவர்கள்

1950களின் பிற்பகுதி. இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்பூலில் பாடசாலை மாணவர்களான இரு நண்பர்கள் பஸ் ஏறுகிறார்கள். நகரின் மறுகோடியில் வசிக்கும் ஒருவருக்குக் கிற்றாரில் 'பீ செவன்' வாசிக்கத் தெரியும் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தனர். அந்த மனிதரைத் தேடிச்சென்று, அவர் எந்தத் தந்தியில் எந்த விரலை வைக்கிறார் என்று பார்த்து, தாமும் அப்படியே வைத்துப் பழகிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் போல் மக்கார்ட்னி. பீற்றில்ஸ் குழு உலகப் புகழ் பெற்ற பின்னர் நேர்காணல்களில் அவர் பலமுறை நினைவுகூர்ந்த சம்பவம் இது.

பீ செவன் என்பது பாடலும் அன்று, இராகமும் அன்று. பல சுரங்களை ஒரே வீச்சில் சேர்த்து ஒலிக்கச் செய்யும் சுரக்கூட்டு அது. கிற்றார் வாசிப்போர் 'கோர்ட்ஸ்' என்று சொல்வது இதனைத்தான். ஈ, ஏ, பீ செவன் ஆகிய மூன்று சுரக்கூட்டுகளும் கைவசம் இருந்தால் புளூஸ், ரொக் அன்ட் ரோல் பாடல்களில் பெரும்பகுதியை ஒப்பேற்றிவிடலாம். முதல் இரண்டும் அந்தச் சிறுவர்களுக்குத் தெரியும். மூன்றாவதற்குத்தான் நகரைக் கடந்து போகவேண்டியிருந்தது. ஒரு சுரக்கூட்டு என்பது அன்று ஒரு மனிதரின் கையில் இருந்தது. அந்தக் கையைப் பார்த்தால்தான் அது கிடைக்கும்.

இன்று 'கிளாசிக் ரொக்' என்று போற்றப்படும் பாடல்களை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அக்கூஸ்ரிக் கிற்றாரில், அதாவது மின்சாரம் வேண்டாத வெறும் மரக் கிற்றாரில், வாசித்துப் பழகுகிறார்கள். அப்பாடல்களின் வரலாற்றைத் துருவிப் பார்த்தால் அவற்றை ஆக்கியவர்களும் இதே வழியாகவே வந்தவர்கள் என்பது தெரியும். ஏட்டிலிருந்து வராமல் கையிலிருந்து கைக்கு வந்த கலை இது. எமது கர்நாடக இசையில் இதற்கு அழகான சொல் ஒன்று உண்டு: பாடாந்தரம். ஒரு கீர்த்தனையை இன்னாரிடம் இவ்வாறு பாடம் கேட்டேன் என்று சொல்லும் மரபு அது. ரொக் இசைக்கும் பாடாந்தரம் இருந்தது. ஆனால், பாடம் சொன்னவரின் பெயரைச் சொல்லும் வழக்கம் அங்கே பல வேளைகளில் இருக்கவில்லை. இக்கட்டுரை அது பற்றியது.

சிறைக்கூடத்திலிருந்து தேநீர்ப் பெட்டிக்கு

இங்கிலாந்துச் சிறுவர்களின் கையில் கிற்றாரைக் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்வதானால் அவர் லோனி டொனகன். கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவில் இருந்த இவர் 1954 ஜூலையில் 'ரொக் ஐலண்ட் லைன்' என்ற பாடலை ஒலிப்பதிவு செய்தார். தனி இசைத்தட்டாக வெளியான அப்பாடல் 1956 இன் தொடக்கத்தில் பிரித்தானியா முழுவதும் பற்றிப் பரவியது. ஸ்கிஃபிள் எனப்பட்ட இவ்விசைக்கு விலையுயர்ந்த வாத்தியங்கள் தேவைப்படவில்லை. ஒரு மலிவான கிற்றார், தாளத்துக்கு உடுப்புத் தோய்க்கும் நெளிதகடு, மந்தர ஒலிக்குத் தேயிலைப் பெட்டியில் தடியும் கயிறும் கட்டிய ஒரு வாத்தியம் ஆகியன போதும். போருக்குப் பிந்திய தட்டுப்பாடுகளில் வளர்ந்த தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய இசையாக அது இருந்தது. அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்வதற்கான கட்டுப்பாடு 1959 வரை நீடித்ததால், நல்ல கிற்றார் என்பதை அவர்களிற் பலர் இசைத்தட்டு உறைகளில் மாத்திரமே கண்டிருந்தனர்.

டொனகன் அப்பாடலை லெட் பெலி என்ற கறுப்பினக் கலைஞரின் இசைத்தட்டிலிருந்து கற்றார். லெட் பெலியோ 1934 இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜோன் லோமக்ஸுடன் சென்றபோது ஆர்கன்ஸா மாநிலச் சிறைக் கைதிகள் பாடக் கேட்டுக் கற்றவர். அந்தக் கைதிகள் அதனை எங்கே கற்றார்கள் என்பது எழுதப்பட்ட வரலாற்றுக்கு அப்பாற்பட்டது. ஆக, இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இசை அலையொன்றின் தொடக்கத்திலேயே நான்கு கைகள் மாறிய ஒரு பாடல் இருக்கின்றது.

அந்த அலையில் எழுந்த குழுக்களில் ஒன்றுதான் ஜோன் லெனன் 1956 இல் தொடங்கிய குவாரிமென். லெனனின் முதல் கிற்றார் தென்னாபிரிக்காவில் செய்யப்பட்ட 'கலோற்றோன் சாம்பியன்' என்ற மலிவு வகை. அவருக்கு முதற்பாடம் சொன்னவர் தாயார் ஜூலியா. தாயாருக்குப் பான்ஜோதான் தெரியும். ஆகவே, மகனும் கிற்றாரைப் பான்ஜோவைப் போலச் சுருதி கூட்டி, பான்ஜோவின் விரல் அமைப்புகளையே வாசித்துவந்தார். 1957 ஜூலை 6 ஆம் திகதி வூல்ற்றன் சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் விழாவில் லெனனை முதன்முறையாகச் சந்தித்த மக்கார்ட்னி, கிற்றாரைச் சுருதி கூட்டிக் காட்டி, எடி கொக்ரனின் பாடலொன்றைச் சொல் பிசகாமல் பாடினார். தம்மைவிட ஒன்றரை வயது இளைய ஒருவரிடம் தமக்குத் தெரியாதது இருக்கின்றது என்பதை லெனன் அன்று கண்டுகொண்டார். அடுத்த ஆண்டு ஜோர்ஜ் ஹரிசன் ஓடும் பஸ்ஸின் மேல்தட்டில் 'ரோஞ்சி' என்ற வாத்திய இசையைப் பிழையின்றி வாசித்துக்காட்டிக் குழுவில் இடம்பிடித்தார். நுழைவுத் தேர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. விரல் பேசவேண்டும், அவ்வளவுதான்.

புத்தகமே இருக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தது. பேர்ட் வீடன் என்ற கிற்றார் கலைஞர் 1957 இல் வெளியிட்ட 'ஒரே நாளில் வாசிக்கலாம்' என்ற பொருள்படும் தலைப்புக் கொண்ட கைந்நூல் பத்து இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையானது. மக்கார்ட்னி, ஹரிசன், எரிக் கிளப்ரன் முதலிய பலரும் அதனைப் புரட்டியவர்களே. ஆனால், ஒரு நாளில் எவரும் வாசித்துவிடவில்லை. உருக்குத் தந்திகளில் பழகுபவனின் இடதுகை விரல் நுனிகள் முதற்சில வாரங்கள் வலித்து, பின்னர் காய்த்துப்போன பிறகே வாத்தியம் மெல்ல வழிக்கு வரும். அதைவிட, நூலில் இருந்தவை தொடக்கப் பாடங்கள். அவர்கள் வாசிக்க விரும்பிய பாடல்களோ இசைத்தட்டுகளில் இருந்தன. கடைகளில் கிடைத்த இசைத்தாள்கள் பெரும்பாலும் பியானோவை மனத்திற்கொண்டு அச்சிடப்பட்டவை. ஆகவே, கிராமபோன் ஊசியைத் தூக்கித் தூக்கி ஒரே இடத்தில் வைத்துக் கேட்பது ஒன்றே வழியாயிற்று. 33 வேகத்து இசைத்தட்டை 16 வேகத்தில் சுழலவிட்டால் இசை பாதி வேகத்தில், சரியாக ஒரு ஸ்தாயி கீழிறங்கி ஒலிக்கும். மின்னல் வேக வாசிப்புகளை ஒவ்வொரு சுரமாகப் பிரித்தறிய அந்தத் தலைமுறை கண்ட உபாயங்களில் இதுவும் ஒன்று.

வீட்டுப் பணிப்பெண்ணின் பாடல்

ஸ்கிஃபிள் அலையின் உச்சத்தில், 1957 இல், 'பிரெய்ற் ரெயின்' என்ற பாடல் பிரித்தானியாவில் பெருவெற்றி பெற்றது. சாஸ் மக்டெவிற்றின் குழுவினருடன் நான்சி விஸ்கி பாடிய இசைத்தட்டு அது. பாடலாசிரியர்களாக இரண்டு ஆங்கிலேயர்களின் பெயர்கள் பதிவாகியிருந்தன. உண்மையில் அப்பாடலைக் கட்டியவர் அத்லாந்திக்கின் மறுகரையில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த எலிசபெத் கொற்றன் என்ற கறுப்பினப் பெண்மணி. வட கரோலினாவில் புகையிரதப் பாதைக்கு அருகே வளர்ந்த அவர், சிறுமியாக இருக்கும்போதே அதனை ஆக்கியிருந்தார்.

கொற்றன் இடக்கைப் பழக்கமுள்ளவர். வலக்கைக்காரருக்கெனத் தந்தி பூட்டிய கிற்றாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். அதனால், மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் மந்தரத் தந்திகளை அவர் விரல்களாலும், மற்றவர்கள் விரல்களால் வாசிக்கும் உச்சத் தந்திகளைக் கட்டைவிரலாலும் மீட்டினார். திருமணத்துக்குப் பின்னர் பல ஆண்டுகள் வாத்தியத்தைத் தொடவில்லை. வொஷிங்ரனில் அங்காடியொன்றில் பணியாற்றியபோது, வழிதவறித் தனியே நின்ற சிறுமியொருத்தியைத் தாயிடம் சேர்ப்பித்தார். அச்சிறுமி நாட்டார் இசையாய்வில் ஊறிய சீகர் குடும்பத்தின் மகளான பெகி. அந்த அறிமுகத்தால் அவ்வீட்டிலேயே பணிப்பெண்ணாகச் சேர்ந்த கொற்றன், சுவரில் தொங்கிய கிற்றாரை ஒருநாள் எடுத்து வாசிக்க, வீட்டார் வியந்தனர். பெகி சீகர் வளர்ந்து 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக்குச் சென்றபோது அவருடன் அப்பாடலும் சென்றது. பாடல் போய்ச்சேர்ந்தது; ஆக்கியவரின் பெயர் வழியில் விடுபட்டுப்போயிற்று.

சீகர் குடும்பத்தினரின் முயற்சியும் சட்ட நடவடிக்கையும் சேர்ந்து பின்னாளில் கொற்றனின் பெயரை உரிய இடத்துக்குக் கொண்டுவந்தன. 1958 இல் அவரது முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. தொண்ணூறு வயதை அடைந்த நிலையில் கிராமி விருதும் கிடைத்தது. 1987 இல் அவர் காலமானார். இன்றும் விரல்களால் மீட்டிப் பழகத் தொடங்குபவருக்கு முதற்பாடங்களில் ஒன்றாக ஆசிரியர்கள் கொடுப்பது 'பிரெய்ற் ரெயின்' என்பது குறிப்பிடத்தக்கது. அவர் அதிர்ஷ்டசாலி என்றே கூறவேண்டும். பெயர் திரும்பிவராத கைகளே அதிகம்.

மொறொக்கோவிலிருந்து வந்த சுருதி

லண்டனில் டேவி கிரஹம் என்றொரு கலைஞர் இருந்தார். 1962 இல் வெளியான சிறு இசைத்தட்டொன்றில் இடம்பெற்ற அவரது 'ஆன்ஜி' என்ற தனிவாசிப்பு, பிரித்தானியாவின் அக்கூஸ்ரிக் கிற்றார் வாசிப்போர் எல்லோரும் கடந்துசெல்லவேண்டிய கடவையாக மாறியது. கட்டைவிரல் கீழிறங்கும் மந்தரச் சுரங்களை வாசிக்க, ஏனைய விரல்கள் அதே வேளையில் மேலே மெட்டை வாசிக்கும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். அமெரிக்கரான போல் சைமனும் இதனைக் கற்றுத் தமது குழுவின் 1966 ஆம் ஆண்டு இசைத்தட்டில் வாசித்தார்.

கிரஹமின் மற்றொரு கொடை சுருதி பற்றியது. வழமையாகக் கிற்றாரின் ஆறு தந்திகளும் ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்று கூட்டப்படும். மொறொக்கோவில் ஊத் வாத்தியக்காரர்களுடன் சேர்ந்து வாசிக்க முற்பட்ட கிரஹம், அவர்களின் இசைக்கு ஒத்துப்போகும்படி டீ, ஏ, டீ, ஜீ, ஏ, டீ என்று தந்திகளை மாற்றிக் கூட்டினார். தம்புராவின் ஆதார சுருதியைப் போன்று சில சுரங்கள் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்க, அவற்றின்மீது மெட்டு நடமாடுவதற்கு இம்முறை வழிவிட்டது. பின்னர் அது இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நாட்டார் இசைக் கலைஞர்களின் பொதுச் சொத்தாயிற்று.

கிரஹமின் வழியில் வந்தவர் ஸ்கொற்லாந்தைச் சேர்ந்த பேர்ட் ஜான்ஷ். ஆன் பிறிக்ஸ் என்ற பாடகி தமக்குக் கற்றுக்கொடுத்த 'பிளாக்வோட்டர்சைட்' என்ற பழைய நாட்டார் பாடலுக்கு அவர் நுட்பமான கிற்றார் வாசிப்பு ஒன்றை அமைத்து 1966 இல் வெளியிட்டார். 1969 ஜனவரியில் லெட் செப்பலின் குழுவின் முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. அதில் 'பிளாக் மவுன்ரன் சைட்' என்ற தனிவாசிப்பு இடம்பெற்றது. கிரஹம் பரப்பிய அதே சுருதி. அடிப்படையில் ஜான்ஷின் அதே வாசிப்பு. கூடவே விராம் ஜஸானியின் தபேலா. ஆக்கியவர் என்ற இடத்தில் ஜிம்மி பேஜ் என்ற ஒரேயொரு பெயர்.

பேஜ் சாதாரணர் அல்லர். சிறுவயதில் குடிபுகுந்த புதிய வீட்டில் யாரோ விட்டுச்சென்ற கிற்றாரை எடுத்து, பாடசாலை நண்பரிடம் சுருதி கூட்டக் கற்று, பதின்மூன்று வயதளவில் ஸ்கிஃபிள் குழுவொன்றுடன் பிபிசி தொலைக்காட்சியில் தோன்றியவர். பிறரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த மேதை. ஜான்ஷின் இசைத்தட்டு நிறுவனம் வழக்குத் தொடர்வது பற்றி ஆராய்ந்தது. ஆயினும், மூலப்பாடல் நாட்டார் பாடல் என்பதால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம் எனக் கருதப்பட்டு, வழக்கு நடைபெறவே இல்லை. விரல் அமைப்புக்கு உரிமை கோருவது எப்படி என்று சட்டத்துக்குத் தெரியவில்லை.

கங்கைக் கரையில் ஒரு பாடம்

1968 பெப்ரவரியில் பீற்றில்ஸ் குழுவினர் மகரிஷி மகேஷ் யோகியின் ஆச்சிரமத்தில் தியானம் பயில ரிஷிகேசத்துக்கு வந்தனர். மின்கிற்றார்கள் இல்லை, ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. அக்கூஸ்ரிக் கிற்றார்கள் மட்டும் இருந்தன. அங்கே வந்திருந்த ஸ்கொற்லாந்துப் பாடகர் டொனவன் ஓய்வு நேரங்களில் விரல்களால் மீட்டி வாசிப்பதைக் கவனித்த லெனன், அதைத் தமக்குக் கற்றுத்தருமாறு கேட்டார். கட்டைவிரல் இரு மந்தரத் தந்திகளுக்கிடையே தாளம் தவறாது மாறிமாறிச் செல்ல, சுட்டுவிரலும் நடுவிரலும் உச்சத் தந்திகளில் இடைவெளிகளை நிரப்பும் வாசிப்பு அது. அமெரிக்கத் தென்பகுதியில் கொற்றன் போன்றோரின் கைகளில் உருவான மரபின் நீட்சி. உலகின் அதிபுகழ் பெற்ற இசைக்கலைஞர்களில் ஒருவர் தம்மைவிட வயதில் இளையவரின் முன்னே மாணவனாக உட்கார்ந்து, ஒரு விரலசைவைத் திரும்பத் திரும்பப் பழகினார்.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்தவற்றுள் 'டியர் புரூடன்ஸ்', 'ஜூலியா' ஆகிய இரண்டையும் குறிப்பிடலாம். ஜூலியா, லெனனுக்குப் பான்ஜோ விரல்களைக் கற்றுக்கொடுத்த அதே தாயார். 1958 ஜூலையில் வீதி விபத்தில் அவர் உயிரிழந்தபோது மகனுக்கு வயது பதினேழு. பத்து ஆண்டுகளின் பின்னர், கங்கைக் கரையில் கற்ற வாசிப்பைக்கொண்டு அவருக்கான பாடலை லெனன் தன்னந்தனியாக ஒலிப்பதிவு செய்தார். பீற்றில்ஸ் இசைத்தட்டுகளில் லெனன் பிறர் துணையின்றி முழுமையாகத் தனித்து நிகழ்த்திய பாடல் அது ஒன்றே. முதற்பாடம் சொன்ன ஆசிரியைக்கு மாணவன் செலுத்திய குருவணக்கம் என்று இதனைக் கொள்வதில் தவறில்லை.

அதே ஆண்டு ஜூனில் மக்கார்ட்னி 'பிளாக்பேர்ட்' பாடலை ஒற்றைக் கிற்றாருடனும் காலால் இட்ட தாளத்துடனும் பதிவுசெய்தார். அதன் மூலவித்து, ஜொகான் செபஸ்ரியன் பாக் லியூட் வாத்தியத்துக்கென ஆக்கிய ஈ மைனர் பூரே என்பதை அவரே கூறியிருக்கிறார். லிவர்பூலில் சிறுவர்களாக இருந்தபோது ஹரிசனும் அவரும் அதனைக் கேள்விஞானத்தால் அரைகுறையாகக் கற்று, நண்பர்களுக்கு வாசித்துக்காட்டிப் பெருமைப்பட்டவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இசைமேதையின் ஆக்கத்தைப் பிழையாகக் கற்ற விரல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் மிகச்சிறந்த கிற்றார் பாடல்களில் ஒன்று வந்தது. பாடாந்தரத்தில் நிகழும் பிழை சில வேளைகளில் புதுமையாகிவிடும்.

மிதிவண்டியும் ஒலிநாடாவும்

இவ்விடத்தில் எனது சொந்த அனுபவத்தைச் சற்றுக் குறிப்பிடுவதற்கு வாசகர்கள் அனுமதிக்கவேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். கவிழ்த்து நிறுத்திய துவிச்சக்கர வண்டியின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட காலம். தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்த நண்பர் ஒருவர் ஈகிள்ஸ் குழுவின் 'ஹொட்டல் கலிபோர்னியா' பாடலை எப்படியாவது கற்றுவிடுவது என்று பிடிவாதமாக இருந்தார். நான் பெடல் சுற்ற, அவர் காதைக் கொடுத்துக் கேட்டுத் தந்திகளில் தேடுவார். என் கை தளர்ந்தால் பாடலும் தளர்ந்து சுருதி இறங்கும். லண்டனில் இசைத்தட்டை 16 வேகத்தில் சுழலவிட்டவர்களைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அறுந்த முதலாம் தந்திக்குப் பதிலாகப் பிறேக் வயரிலிருந்து உருவிய ஒற்றைக் கம்பியைக் கட்டியிருந்தார்.

பல ஆண்டுகளின் பின்னரே அப்பாடல் பீ மைனரில் அமைந்தது என்பதை அறிந்தோம். நாங்கள் கற்றது ஏ மைனர். ஒரு முழுச்சுரத்தை எனது களைத்த கை விழுங்கியிருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது நண்பரின் கிற்றார் வீட்டிலேயே விடப்பட்டது. திரும்பிச் சென்றபோது அது இருக்கவில்லை. பாடல் மாத்திரம் அவருடைய விரல்களில் இருந்தது. இன்று புலம்பெயர் நாடொன்றில் வாழும் அவர் அதனை இப்பொழுதும் ஏ மைனரிலேயே வாசிக்கிறார். "இது எங்கட பாடாந்தரம்" என்பார்.

எங்களுக்கு மின்சாரம் இல்லாத அதே ஆண்டுகளில் மேற்குலகில் மின்சாரத்தை வேண்டுமென்றே துறக்கும் இயக்கம் ஒன்று நடந்தது. 1989 இல் எம்ரிவி தொலைக்காட்சி 'அன்பிளக்ட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1992 ஜனவரியில் அதற்காக ஒலிப்பதிவு செய்த எரிக் கிளப்ரன், 1970 இல் மின்கிற்றார்கள் அலறப் பாடிய 'லைலா'வை அக்கூஸ்ரிக் கிற்றாரில் நிதானமாக வாசித்தார். முந்திய ஆண்டு நான்கு வயது மகனைப் பறிகொடுத்தவரின் வாசிப்பு அது. அவ்விசைத்தட்டு இரண்டு கோடிக்கும் அதிகமாக விற்று, ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதைப் பெற்றது. 1994 இல் ஈகிள்ஸ் குழுவினரும் 'ஹொட்டல் கலிபோர்னியா'வை இவ்வாறே வழங்கினர். ரொக் பாடல்கள் தாம் கற்கப்பட்ட வாத்தியத்துக்கே திரும்பிவந்தன எனலாம். கேட்பவர்களில் ஏராளமானோர் கிற்றார் வாங்கி வீட்டில் வாசிக்க முற்பட்டதில் வியப்பில்லை.

தாளை மட்டும் பார்த்த நீதிமன்றம்

1990களில் இணையம் வந்தது. 1992 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினியொன்றில் 'ஒல்கா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கிற்றார் பாடக் களஞ்சியம் உருவாயிற்று. உலகெங்கும் உள்ளவர்கள் தாம் காதால் கேட்டுக் கண்டுபிடித்தவற்றை எழுதி அனுப்பினர். எழுதிய முறை 'ரப்லேச்சர்' எனப்படுவது. ஆறு தந்திகளுக்கு ஆறு கோடுகள். எந்தத் தந்தியில் எத்தனையாவது கட்டில் விரலை வைப்பது என்பதற்கு ஓர் எண். சுரத்தின் பெயரைச் சொல்லாது விரலின் இடத்தைச் சொல்லும் இம்முறை புதியதன்று. 1507 இல் வெனிஸ் நகரில் பெற்றூச்சி என்பவர் லியூட் வாத்தியத்துக்கான இத்தகைய நூலை அச்சிட்டிருக்கிறார். பீ செவனைத் தேடி இனி எவரும் பஸ் ஏறத் தேவையில்லை என்றாயிற்று.

பாடல் வெளியீட்டு நிறுவனங்கள் இதனைப் பதிப்புரிமை மீறல் என்றன. எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. பல தடவைகள் முடங்கி மீண்ட களஞ்சியம் 2006 இல் மூடப்பட்டது. நிறுவனங்களின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பாடலை ஆக்கியவர் உழைப்பின் பயனைப் பெறவேண்டும். பின்னர் உரிமக் கட்டணம் செலுத்தி இயங்கும் முறையும் ஏற்பட்டது. ஆனால், அக்கட்டணம் போய்ச்சேர்வது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. ஜான்ஷைப் போல விரலைக் கொடுத்துப் பெயரைக் கொடாதவருக்கு அதில் பங்கில்லை.

இந்த முரண்பாட்டின் உச்சத்தை 2016 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் காணமுடிந்தது. லெட் செப்பலின் குழு 1971 இல் வெளியிட்ட 'ஸ்ரெயர்வே ரு ஹெவன்' பாடலின் அக்கூஸ்ரிக் கிற்றார் முன்னிசை, ஸ்பிறிற் என்ற குழுவின் 1968 ஆம் ஆண்டு 'ரோறஸ்' என்ற வாசிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. கிற்றார் கடைகளுக்கு வருபவர்கள் வாசித்து வாசித்தே கடைக்காரரைச் சலிக்கவைத்த பாடல் என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் அதே முன்னிசை. படிப்படியாகக் கீழிறங்கும் இத்தகைய சுரவரிசை முந்நூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அதுவும் உண்மையே.

வாசகர்கள் கவனிக்கவேண்டிய விடயம் வேறு. 1909 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, பாதுகாப்புக்கு உரியது பதிப்புரிமை அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்ட இசைத்தாளில் உள்ளது மாத்திரமே. ஆகவே, இரு பாடல்களையும் ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறவேண்டிய ஜூரிமார், 'ரோறஸ்' இசைத்தட்டை அந்த ஒப்பீட்டுக்காகக் கேட்க அனுமதிக்கப்படவில்லை. தாளைப் பார்த்து நிபுணர்கள் வாசித்துக்காட்டியதைத்தான் கேட்டனர். லெட் செப்பலின் தரப்பு வென்றது. 2020 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் உயர் நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. தீர்ப்பு சரியானதாகவே இருக்கலாம். ஆயினும், தாளைப் பார்த்துக் கற்காத ஒரு தலைமுறை தாளைப் பார்த்து வாசிக்காத இசையைத் தாளை வைத்து நிறுத்துப் பார்த்த காட்சி அது.

பெயரைச் சொல்லுதல்

இன்று காணொளிகள் வந்துவிட்டன. எந்தப் பாடலையும் வாசிக்கும் கையைத் திரையில் நெருக்கமாகப் பார்க்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், நூறு முறை திரும்பக் கேட்கலாம். ஒருவகையில் பார்த்தால், லிவர்பூல் சிறுவர்கள் பஸ் ஏறிச்சென்று பார்த்த அந்தக் கை மீண்டும் கண்முன்னே வந்திருக்கின்றது. கற்பது இவ்வளவு எளிதாக ஒருபோதும் இருந்ததில்லை.

எளிதாகிவிட்ட ஒன்றின் வரலாறு மறக்கப்படுவதும் எளிது. 'பிளாக்பேர்ட்' வாசிப்பவர் பாக்கை அறியவேண்டும். 'ஜூலியா' வாசிப்பவர் டொனவனையும், அவருக்கு முன்னே கொற்றனைப் போன்ற பெண்களையும் நினைக்கவேண்டும். 'பிளாக் மவுன்ரன் சைட்' வாசிப்பவர் ஜான்ஷ், ஆன் பிறிக்ஸ், டேவி கிரஹம் ஆகிய பெயர்களைச் சொல்லவேண்டும். இதற்குச் சட்டமோ கட்டணமோ தேவையில்லை. எமது வித்துவான்கள் கச்சேரி மேடையில் ஒரு கீர்த்தனையைத் தொடங்குமுன் இது இன்னாரிடம் கேட்ட பாடம் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லையா? அது போதும்.

அந்தப் பீ செவனைக் கற்பித்த லிவர்பூல் மனிதரின் பெயர் மக்கார்ட்னி சொன்ன கதையில் இல்லை. உலகம் ஆயிரமாயிரம் தடவைகள் கேட்டுவிட்ட பாடல்களில் அவருடைய விரலும் இருக்கின்றது. கடந்த ஆண்டு எனது நண்பரின் மகள் தொலைபேசிக் காணொளியில் 'ஹொட்டல் கலிபோர்னியா'வை வாசித்துக்காட்டினாள். ஏ மைனரில் தொடங்கினாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். "அப்பாட்டத்தான் மாமா" என்றவள் சற்று நிறுத்திவிட்டு, "நீங்கள் சைக்கிள் சுத்தினதாம்" என்றாள்.